புளியந்தோப்பு 1921: ஒரு வேலைநிறுத்தம், இரண்டு உண்மைகள்

1921ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சென்னை பக்கிங்ஹாம் – கர்னாடிக் ஆலைகளில் தொடங்கி அக்டோபர் வரை நீடித்த வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பிலும் சுற்றுப்பகுதிகளிலும் மூண்ட மோதல்களும் புளியந்தோப்புக் கலவரம் என்ற பெயரில் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. வடசென்னை மக்கள் இந்த ஆலைகளைப் பின்னி மில் என்றே சொல்வார்கள். நிர்வாகம் பின்னி கம்பெனியின் கையில் இருந்தது. வேலைநிறுத்தத்தின் முழு வரலாற்றையும் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே நிகழ்ச்சி அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு வேறு செய்திகளாக நம்பப்பட்டதையும், அந்த நம்பிக்கைகள் மக்களின் அரசியல் நிலைப்பாட்டை எப்படித் திருப்பின என்பதையும் மட்டும் இது பார்க்கிறது.

அரசியலறிவியலில் கடந்த இருபது முப்பது ஆண்டுகளாக இந்தப் பொருள் பற்றி நிறைய முனைவர் பட்ட ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஆய்வாளர்கள் முதலில் கருத்தையும் தகவலையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். "கூலியை உயர்த்த வேண்டும்" என்பது கருத்து. "இன்று காலை ஆலைக்குள் எத்தனை பேர் போனார்கள்" என்பது தகவல். வாசலில் நின்று எண்ணினால் தெரிந்துவிடும். கருத்தில் இரண்டு பக்கம் இருப்பது இயல்பு. தேர்தலும் சட்டமன்றமும் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் எண்ணித் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்திலேயே ஊர் இரண்டுபட்டு நின்றால் என்ன ஆகும்? அந்தப் பிளவு எப்படி உண்டாகிறது, உண்டான பிறகு வாக்கையும் கட்சிப் பற்றையும் எப்படி மாற்றுகிறது என்பதே இந்த ஆய்வுகளின் கேள்வி.

நான் திருவொற்றியூர்ப் பக்கம் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். சென்னையில் 1918இல் தொழிற்சங்கம் தோன்றிய பாடத்தைப் பெருமையோடு நடத்துவேன். நம் பகுதிக்குக் கிடைத்த பெருமை அல்லவா? ஒரு வருடம், புளியந்தோப்பிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க ஆயாவோட அம்மா அந்தச் சங்கத்தப் பத்தி வேற மாதிரி சொல்வாங்களாம். எங்க குடிசையெல்லாம் எரிஞ்சுதாம்" என்றாள். பாடநூலில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகுதான் அந்தப் பெண் சொன்னதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆலையும் அதைச் சுற்றிய தெருக்களும்

இராயபுரத்திலிருந்து 1856இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1870களின் நடுவில் துறைமுக வேலை ஆரம்பமானது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை, அதற்குப் பக்கத்தில் இரண்டு பெரிய துணி ஆலைகள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் தொழிற்சாலைகளெல்லாம் பிறகு வந்தவை. வடசென்னை தொழிலாளர் ஊராக மாறியது ரயிலடி, துறைமுகம், ஆலை ஆகிய இவற்றைச் சுற்றித்தான். முதல் உலகப் போரின்போது இராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்து பின்னி ஆலைகள் நல்ல இலாபம் பார்த்தன. சுமார் பத்தாயிரம் பேர் வேலை செய்தார்கள்.

உள்ளே எல்லோருக்கும் ஒரே சங்குதான். சாதி இந்துக்கள், ஆதி திராவிடர்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லாரும் அதே சங்குக்கு ஓடி வந்து அதே வாசலில் நுழைந்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் பிரிந்து போனார்கள். குடியிருப்பு சாதிவாரியாக இருந்தது. தண்ணீர் எடுக்கும் இடம், கடன் வாங்கும் இடம், கல்யாணம், சாவு எல்லாமே தனித்தனி. இந்த விவரம் நம் பொருளுக்கு முக்கியமானது. அன்று வானொலி கிடையாது. பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் குறைவு. செய்தி தெருவழியாகத்தான் பரவியது. ஒரு தெருவின் ஆள் அடுத்த தெருவில் உட்கார்ந்து பேசாத ஊரில், நடந்தது என்ன என்பதும் தெருவுக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

படித்தவர்களின் நிலையும் அதிகம் வேறுபடவில்லை. நீதிக் கட்சிக்கு ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்'. தேசியவாதிகளுக்கு 'சுதேசமித்திரன்', 'இந்து'. திரு.வி.க. நடத்தியது 'நவசக்தி'. ஒருவர் கையில் எந்தத் தாள் இருக்கிறது என்று பார்த்தாலே அவர் எதை நம்புவார் என்று ஊகித்துவிடலாம். இன்று கைபேசியில் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்ப்பது போல.

சேர்ந்து நின்ற காலம்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவர். கோ. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவரும் தொழிலாளரோடு பழகி அதற்கு அடித்தளம் போட்டவர்கள். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இது பொதுவாகக் கருதப்படுகிறது. சந்தா செலுத்தி உறுப்பினராக இருக்கும் சங்கம் என்பதே அன்றைக்குப் புதுமை.

1920 அக்டோபரில் நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. டிசம்பர் 9 அன்று போலீஸ் சுட்டதில் பாபுராவ், முருகன் என்ற இரு தொழிலாளர்கள் இறந்தார்கள். வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் பின்னி கம்பெனி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற உடன்பாட்டோடு 1921 தொடக்கத்தில் அது முடிந்தது. தொழிற்சங்கம் நடத்துவதே சட்டப்படி குற்றமாகிவிடக்கூடும் என்பதை இந்த வழக்கு காட்டியது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதவடைப்பில் எல்லாப் பிரிவினரும் சேர்ந்துதான் நின்றார்கள். ஆனால் சேர்ந்து பட்டினி கிடந்தவர்கள் ஒரே அளவில் பட்டினி கிடக்கவில்லை. கிராமத்தில் சிறிது நிலமோ உறவோ இருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கடைக்காரர் சொந்தச் சாதிக்காரராக இருந்தால் கடன் கிடைத்தது. ஆதி திராவிடர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் கிடையாது. 1920 கதவடைப்பு ஒரு தெருவுக்கு வீரக் கதையாகவும் இன்னொரு தெருவுக்கு அடகு வைத்த பாத்திரம் திரும்பாத கதையாகவும் முடிந்தது. அடுத்த வருடத்துப் பிளவை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

ஜூன் 1921

1921 மே மாதத்தில் கர்னாடிக் ஆலையில் தகராறு தொடங்கியது. ஜூனில் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆதி திராவிடர்களில் பெரும்பாலோரும் வேறு பிரிவினரில் சிலரும் வேலைக்குப் போனார்கள். ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அடிதடி, கல்வீச்சு, மறுபடியும் தீ. ஆகஸ்ட் இறுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில், நீதிக் கட்சியின் சி. நடேச முதலியார் எடுத்த சமரச முயற்சிக்குப் பிறகு வேலைநிறுத்தம் முடிந்தது. தொழிலாளர்களுக்குக் கிடைத்தது தோல்விதான்.

இதுவரை எழுதியதை எந்தப் பக்கத்தாரும் மறுக்கமாட்டார்கள். இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் தகராறுதான். "வேலைக்குப் போனார்கள்" என்று எழுதினேன். "காட்டிக்கொடுத்தார்கள்" என்று ஒரு தெரு சொன்னது. "வேலையை விட மறுத்தோம்" என்று மற்றொரு தெரு சொன்னது. வேலைநிறுத்தம் பற்றி முடிவு எடுத்தபோது ஆதி திராவிடர்களின் சம்மதம் கேட்கப்பட்டதா? கேட்கப்பட்டது, சங்கம் எல்லோருக்கும் பொது என்பது வேலைநிறுத்தக்காரர் நம்பிக்கை. சங்கத்தின் தலைமையில் தம் ஆட்கள் இல்லை, மற்றவர்கள் முடிவு எடுத்துவிட்டுத் தம்மைப் பின்னால் வரச் சொன்னார்கள் என்பது இவர்களின் நம்பிக்கை. தீ வைத்தது யார், முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பனவற்றிலும் இப்படித்தான்.

அப்போது சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஆதி திராவிடர் சார்பில் நியமன உறுப்பினராக இருந்தவர் எம்.சி. ராஜா. பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடநூல்கள் எழுதியவர். அவர் வேலைக்குப் போனவர்களின் பக்கம் உறுதியாக நின்றார். ஒத்துழையாமை இயக்கம் வேகமாக இருந்த வருடம் அது. திரு.வி.க. காங்கிரஸ்காரர். ஆகவே இந்த வேலைநிறுத்தம் கூலிக்காக அல்ல, காங்கிரஸ் அரசியலுக்காக நடக்கிறது என்ற நம்பிக்கையும் ஒரு பக்கத்தில் வேரூன்றியது. மறுபக்கத்தில், ஆதி திராவிடர்கள் தாமாக வேலைக்குப் போகவில்லை, நிர்வாகமும் அரசாங்கமும் சேர்ந்து அனுப்பின என்ற நம்பிக்கை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. எதிர்ப்பக்கத்துத் தொழிலாளிக்குச் சொந்தமாகக் காரணம் இருக்கும் என்பதை இரண்டுமே ஏற்கவில்லை. அவனை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்றன.

வியாசர்பாடி முகாம்

தாக்குதலுக்கு அஞ்சிய ஆதி திராவிடக் குடும்பங்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் அமைத்துக் குடியேற்றியது. முகாம் இருந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. போய்ப் பார்த்துவிடலாம். அப்படியிருந்தும், நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வேலைநிறுத்தக்காரர்களுக்கு அந்த முகாம் ஒரு சான்று: "பார், அரசாங்கம் அவர்களைச் சீராட்டுகிறது. நம் மேல் குண்டு, அவர்களுக்குக் கூரை." முகாமுக்குள் இருந்தவர்களுக்கும் அது சான்றுதான்: "பார், சொந்த வீட்டில் படுக்க முடியாமல் இங்கே வந்து கிடக்கிறோம். அந்த அளவுக்கு ஆபத்து." ஒரே கொட்டகை. ஒவ்வொரு நாள் அது அங்கே நின்றபோதும் இரண்டு பக்கத்தாரின் நம்பிக்கையும் வலுத்தது. மேலும் விவரம் தெரிந்தால் கருத்து வேற்றுமை குறையும் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் நினைப்போம். இங்கே விவரம் கூடக் கூட வேற்றுமை கூடியது.

முகாமைக் கவனித்த தொழிலாளர் துறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரிலேயே குழப்பம் இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனுக்கென ஜி.எஃப். பாடிசன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1919இல் நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்பு அடுத்த ஆண்டே தொழிலாளர் ஆணையர் என்ற பதவியாக விரிந்தது. ஆதி திராவிடர்களுக்கு மனைப்பட்டா, பள்ளிக்கூடம், கிணறு ஏற்பாடு செய்வதும் அதே துறை. ஆலைத் தகராறுகளைக் கவனிப்பதும் அதே துறை. ஆகவே அந்தத் துறை ஆலை விவகாரத்தில் வாய் திறந்தாலே, "அது அவர்களுடைய துறை" என்று மறுபக்கம் சொல்வதற்கு இடம் இருந்தது. நடுவர் என்று ஒருவரை இரண்டு பக்கமும் ஏற்றால்தான் அவர் எண்ணிச் சொல்லும் எண்ணிக்கைக்கு மதிப்பு. 1921இல் அப்படி ஒருவர் இல்லை. போலீஸ் அறிக்கையை வேலைநிறுத்தக்காரர் நம்பவில்லை. சங்கத்தின் பேச்சை முகாமில் இருந்தவர் நம்பவில்லை.

கட்சிக்குள் புகுந்த தீ

1920 டிசம்பரில் நீதிக் கட்சி சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்திருந்தது. பிராமணரல்லாதார் எல்லோருக்குமான கட்சி என்று அது சொல்லிக்கொண்டது, எம்.சி. ராஜாவும் அதில் இருந்தார். வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துத் தொழிலாளர்களும் பிராமணரல்லாதார்தான், வேலைக்குப் போன ஆதி திராவிடர்களும் அப்படித்தான். கட்சி யார் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொள்வது?

தலைவர் பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர். புளியந்தோப்பு அவருக்கு அதிக தூரமில்லை. அவரும் ஓ. தணிகாசலம் செட்டியார் போன்ற மற்றவர்களும் வேலைநிறுத்தக்காரர்களின் பக்கம் சாய்ந்தார்கள். திரு.வி.க.வை நாடுகடத்த ஆளுநர் வில்லிங்டன் நினைத்தபோது தியாகராயர் தலையிட்டுத் தடுத்தார் என்ற செய்தி தொழிற்சங்க வரலாறுகளில் இடம்பெறுகிறது. காங்கிரஸ்காரர் ஒருவரை நீதிக் கட்சித் தலைவர் காப்பாற்றினார் என்பது அழகான செய்திதான். ஆனால் அதே தலைமை, மோதலுக்குக் காரணம் தொழிலாளர் துறை ஆதி திராவிடர்களுக்குக் காட்டும் சலுகையே என்று வாதிட்டது. இரட்டையாட்சி முறையில் போலீசும் அந்தத் துறையும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன, அமைச்சர்களிடம் இல்லை. தன் கையில் இல்லாத துறையின் மேல் பழி போடுவது ஒரு கட்சிக்கு எளிது. தன் வாக்காளர்கள் தீ வைத்தார்களா என்று கேட்பது கடினம்.

தியாகராயர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை உண்மையாகவே நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவரிடம் வந்து பேசியவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ராஜா 1923இல் நீதிக் கட்சியை விட்டு விலகினார். ஆதி திராவிடர்களுக்கு உரிய இடம் தராதது பற்றிய மனத்தாங்கல் உட்பட விலகலுக்குப் பல காரணங்கள் உண்டு. 1921 அவற்றில் முக்கியமானது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இடையில், 1922இல், பறையர், பஞ்சமர் ஆகிய சொற்களை அரசு ஆவணங்களில் விட்டுவிட்டு ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்து வெற்றி பெற்றார். ஆனால் பிராமணரல்லாதார் என்ற குடையின்கீழ் தம் மக்களுக்கும் இடம் உண்டு என்ற நம்பிக்கை புளியந்தோப்பில் எரிந்ததை அந்தத் தீர்மானம் ஈடுகட்டவில்லை.

எது முந்தி: நம்பிக்கையா, கட்சியா?

இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் முடிவின்றி வாதிடும் கேள்வி இது. ஒருவர் ஒரு தகவலை நம்புவதால் ஒரு கட்சிக்குப் போகிறாரா, கட்சியில் இருப்பதால் அந்தத் தகவலை நம்புகிறாரா?

அமெரிக்க அரசியலறிஞர் லாரி பார்ட்டெல்ஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாவதைக் காட்டியது. ரீகன் ஆட்சியில் விலைவாசி உயர்வு விகிதம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்து 4 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் 1988இல் கேட்டபோது, எதிர்க்கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அது மோசமானதாகவே சொன்னார்கள். கடைக்குப் போய் அரிசியும் ரொட்டியும் வாங்குபவர்கள்தான் அவர்களும்! பின்னர் 2015இல் வந்த ஆய்வுகள் ஒரு திருத்தம் சொல்லின. சரியான விடைக்குச் சிறு பணம் தருவதாகச் சொல்லிக் கேட்டபோது இரு கட்சியாரின் விடைகளுக்கிடையே இருந்த வேறுபாடு கணிசமாகக் குறைந்தது. அப்படியானால், சிலர் உண்மையில் அப்படி நம்பவில்லை. தம் கட்சிக்காகக் கைதட்டுவது போல விடை சொல்கிறார்கள்.

நம் நாட்டில் சுமித்ரா பத்ரிநாதன் தம் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில், 2019 நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டிப் பீகாரில் 1,224 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார். வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, பொய்ச் செய்தியை எப்படிக் கண்டறிவது என்று ஒரு மணி நேரம் அளவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பயன் ஏதும் தெரியவில்லை. ஆளும் கட்சிச் சார்புடையவர்களிடம், தம் கட்சிக்கு இசைவான பொய்ச் செய்திகளைக் கண்டுகொள்ளும் திறன் பயிற்சிக்குப் பிறகு குறையவே செய்தது. முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவளுக்கு இதைப் படிக்கச் சற்றுக் கசப்பாகத்தான் இருந்தது.

இவற்றை வைத்துக்கொண்டு 1921ஐப் பார்த்தால், ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தவில்லை என்று படுகிறது. கூரை எரிந்த குடும்பத்துக்குத் தகவல் முந்தி, அரசியல் பிந்தி. எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சங்கத்தின் மேலும் கட்சியின் மேலும் வெறுப்பு வந்தது. குண்டடிபட்ட தொழிலாளியின் குடும்பத்துக்கும் அப்படியே. போலீஸ் மேல் வந்த கோபம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததன்று. கட்சித் தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வரிசை தலைகீழ். நிலைப்பாடு ஏற்கெனவே இருந்தது. அதற்குத் தோதான தகவல் எடுத்துக்கொள்ளப்பட்டது. நிகழ்ச்சியிலிருந்து விலக விலகக் கட்சி முந்திக்கொள்கிறது. அந்த விலகலை மைல் கணக்கில் அளக்க முடியாது; வண்ணாரப்பேட்டைக்கும் புளியந்தோப்புக்கும் எவ்வளவு தூரம்!

இன்னொன்றும் உண்டு. நேரில் கண்டவர்களின் உண்மையும் முழு உண்மையன்று. எரிந்த குடிசையைப் பார்த்தவர் குண்டு விழுந்த தெருவைப் பார்க்கவில்லை. அவரவர் பார்த்தது சரி. பார்க்காததைப் பற்றி அவரவர் தெரு சொன்னதுதான் தகராறு.

எண்ணூர் 2017

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாததற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்பதுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. இரண்டு மூன்று நாளில் எங்கள் கரையில் பாறைகளுக்கு நடுவே கருப்புக் கூழ் ஒதுங்கியது. இளைஞர்களும் பணியாளர்களும் வாளியில் மொண்டு எடுத்தார்கள். முதலில் சொன்ன அளவு சுமார் 20 டன். பிறகு அது 196 டன் ஆனது.

அந்த நாட்களில் பேருந்தில் ஏறினால் இறங்குவதற்குள் மூன்று விதமான எண்ணெய்க் கசிவைப் பற்றிக் கேட்கலாம். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு அளவு, வலை வைத்திருக்கும் வீட்டில் ஓர் அளவு. மீனவர்களுக்கோ இரட்டைச் சங்கடம். கசிவு பெரியது என்று சொன்னால்தான் நிவாரணம்; மீன் நல்லது என்று சொன்னால்தான் காசிமேட்டில் விற்பனை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம், "எண்ணெய் எவ்வளவும்மா வந்துச்சு?" என்று கேட்டேன். "நீ மீன் வாங்குறியா டீச்சர், இல்ல மனு எழுதப் போறியா? அதச் சொல்லு, நான் சொல்றேன்" என்றார். பணம் தந்து கேட்டால் விடை மாறும் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததை அந்த அம்மா கூடையை இறக்காமலே சொல்லிவிட்டார்.

ஆனால் 1921க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2017இல் எண்ணெய் எல்லார் கரையிலும் ஒதுங்கியது. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு தாண்டி மெரினா வரைக்கும் போனது. நேரில் பார்த்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். "பாதிப்பு இல்லை" என்ற அறிவிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. புளியந்தோப்பில் தீ ஒரு தெருவில் மட்டும் எரிந்தது.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் (1944) தொழிலாளர் இயக்க நாட்களை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழில் இந்த வேலைநிறுத்தம் பற்றிப் படித்தவர்களில் பெரும்பாலோர் அவர் கண்ணால்தான் அதைப் பார்த்திருப்பார்கள், நானும் அப்படியே. எம்.சி. ராஜா 1925இல் எழுதிய ஒடுக்கப்பட்ட இந்துக்கள் பற்றிய நூல் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு பக்கத்தின் நினைவு தமிழிலும் இன்னொரு பக்கத்தின் வாதம் ஆங்கிலத்திலும் தங்கிப்போனது பாடநூல்களைப் பாதித்திருக்கும் என்பது என் எண்ணம்.

பின்னாளில் யூஜின் இர்ஷிக் நீதிக் கட்சி அரசியலின் பகுதியாகவும், ஈமன் மர்ஃபி தொழிலாளர் வர்க்கமும் சாதியும் மோதிய இடமாகவும் 1921ஐ ஆராய்ந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் திலீப் வீரராகவன் செய்த முனைவர் பட்ட ஆய்வு சென்னைத் தொழிலாளர் இயக்கத்தை முழுமையாக எழுத முயன்றது. பார்வை இழந்த அவர் அதே நிறுவனத்தில் ஆசிரியராகவும் பணியாற்றினார். ஆய்வேடு அவர் மறைவுக்குப் பிறகு 2013இல் நூலாக வெளிவந்தது.

ஆலை 1996இல் மூடப்பட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன. அவை அரசாங்கத்தின் கண். முகாமுக்குப் போன குடும்பங்கள் சொன்னது கோப்புகளில் மிகக் குறைவு. அது பேத்திகளுக்கும் கொள்ளுப் பேத்திகளுக்கும் வாய்வழியாக வந்து சேர்ந்தது. என் வகுப்பில் எழுந்து நின்ற அந்தப் பெண் அதில் ஒரு வரியைச் சொன்னாள். ஆயாவின் அம்மா அதற்கு மேல் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.